ஆப்பிரிக்கச் செங்காழ்

வாள் பிளந்த படாக் மரக் கட்டையின் உட்பகுதி முதல் நாளில் பழுத்த பப்பாளிச் சதையின் நிறத்தில் இருக்கும். சில வாரங்கள் வெளிச்சம் பட்டால் செங்கல்லின் நிறம் வரும். சில மாதங்களில் அது மாதுளைத் தோலின் கருஞ்சிவப்பாகும். ஆண்டுகள் போகப் போகப் புளியங்கொட்டையின் பழுப்பை எட்டும். நிறம் மாறாத மரம் உலகில் இல்லை. தேக்கு சற்றுக் கறுக்கும், சில மரங்கள் வெளிறும். ஆனால் தன் விலைக்கே காரணமான நிறத்தை, வாங்கியவர் கண்ணெதிரில் இத்தனை தூரம் நகர்த்திக்கொண்டு போகிற மரம் ஆப்பிரிக்கப் படாக்கைப் போல வேறொன்றைச் சொல்வது கடினம். இந்த மரத்தைப் பற்றிப் பேசுவது என்பது பாதிக்கு மேல் அதன் சிவப்பைப் பற்றிப் பேசுவதுதான்.

இந்தச் சிவப்பு டெல்லியில் விலைபோகும் கடைகளுக்கு மந்திர் மார்க்கிலிருந்து வழி சொல்லலாம். டெல்லித் தமிழர்களுக்கு மந்திர் மார்க் என்றால் பிர்லா மந்திரும், அதற்கு அடுத்தபடி டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் நினைவுக்கு வரும். வைஸ்ராயின் பெயரால் ரீடிங் ரோடு என்று அழைக்கப்பட்ட அந்தச் சாலைக்கு, 1939இல் காந்தி திறந்துவைத்த, பிர்லா மந்திர் எனப்படும் லட்சுமி நாராயணர் கோயிலால் இன்றைய பெயர் வந்தது. சாலையின் வடமுனையைத் தொட்டுச் செல்லும் பஞ்ச்குயான் சாலை மரச்சாமான் கடைகளுக்குப் பேர்போனது. மேற்கு டெல்லியில் இருக்கும் கீர்த்தி நகரில் கட்டை, பலகை, வினீர் எல்லாம் மொத்தமாகக் கைமாறும். இந்தக் கடைவீதிகளில் சாகவான் என்ற தேக்கும் ஷீஷமும் பழைய பெயர்கள். கப்பலேறி வந்த ஆப்பிரிக்க மரங்கள் பின்னால் சேர்ந்தவை. அவற்றில் அலங்காரத்துக்கென்றே தேடி வாங்கப்படுவது படாக்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, அதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. 'படாக்' பர்மியச் சொல். மியான்மரின் புத்தாண்டுத் திருவிழாக் காலத்தில் பொன்மஞ்சளாகப் பூத்து, பெண்களின் கூந்தலில் ஏறும் மரத்துக்கு அந்தப் பெயர். ஆங்கிலேய வணிகர்கள் அதை அந்தமானில் கண்ட மரத்துக்கும் நீட்டினார்கள், பிறகு ஆப்பிரிக்காவில் கண்டதற்கும் நீட்டினார்கள். ஆகவே கடையில் 'படாக்' என்று மட்டும் கேட்டால் பர்மாப் படாக், அந்தமான் படாக், ஆப்பிரிக்கப் படாக் மூன்றில் எதுவும் கிடைக்கலாம். இதோடு 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்ற பெயர் வேறு புழங்குகிறது. ஆப்பிரிக்கத் தோட்டங்களில் வளர்த்த உண்மையான தேக்கும் அந்தப் பெயரில் வருகிறது, தேக்குக்குச் சற்றும் உறவில்லாத இரோக்கோ என்ற மரமும் வருகிறது. படாக் இவை இரண்டும் அல்ல.

மூன்று படாக்குகளும் டெரோகார்ப்பஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கிரேக்கத்தில் 'சிறகுக் கனி' என்று பொருள். நடுவில் விதையும் சுற்றிலும் வட்டமான மெல்லிய சவ்வுச் சிறகுமாகக் காற்றில் சுழன்று விழும் காயை வைத்து வந்த பெயர். அவரைக் குடும்பத்துப் பேரினம் இது. இதில் தமிழர் நெடுங்காலமாக அறிந்த இரண்டு மரங்கள் உண்டு: வேங்கை, செஞ்சந்தனம். குறிஞ்சி நிலத்தில் பூத்து நின்று புலியென மருள வைத்ததாகச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பக் காட்டும் அதே வேங்கைதான். காங்கோ ஆற்றுப் படுகையில் வெட்டப்பட்டு டெல்லிக்கு வரும் கட்டையும் மேற்குத் தொடர்ச்சி மலை வேங்கையும் உடன்பிறப்புகள் என்பது கடைவீதியில் பெரும்பாலும் பேசப்படாத செய்தி.

ஆப்பிரிக்கப் படாக்கின் தாவரவியல் பெயர் டெரோகார்ப்பஸ் சோயாக்சியை. மத்திய, மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் தாவரங்கள் சேகரித்த ஜெர்மானியர் ஹெர்மன் சோயாவின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. தென்கிழக்கு நைஜீரியா தொடங்கி கேமரூன், ஈக்குவட்டோரியல் கினி, காபோன், இரு காங்கோ நாடுகள் வழியாக அங்கோலாவின் வடபகுதி வரை, மழைக்காடுகளில் இது வளர்கிறது. 30 மீட்டரைத் தாண்டி நிமிரும் மரம். அடியில் பலகை வேர்கள் விரிந்து தாங்கும். பட்டையில் காயம் பட்டால் குருதி போன்ற செந்நீர் கசியும். வேங்கையும் அப்படித்தான் கசியும். அந்தப் பால் உறைந்ததைக் குழைத்துக் குழந்தைகளுக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது.

மரம் என்பது உள்ளே வைரம் உடையது என்று வகுத்தது தொல்காப்பியம். புல்லுக்குப் புறத்தில் காழ், மரத்துக்கு அகத்தில் காழ். படாக்கில் இந்த இலக்கணம் கண்ணில் அறையும்படி எழுதப்பட்டிருக்கிறது. வெளியே வெளிறிய பால்நிற வெள்ளைப் பகுதி, உள்ளே செங்காழ், இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை. வெள்ளைப் பகுதி சில மரங்களில் ஒரு சாண் அகலம்கூட வரும். அது பூச்சிக்கு இரை, விலை போகாது. செங்காழைக் கரையான் எளிதில் தொடாது, பூஞ்சை எளிதில் பிடிக்காது. நிறத்தைத் தரும் பொருள்களும் காழில் சேர்ந்துள்ள பிற சாறுகளும் மரத்துக்கு அழகோடு காவலும் ஆகின்றன. பலகை வாங்குபவர் விளிம்பில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

உலர்ந்த படாக் கன மீட்டருக்கு ஏறத்தாழ 750 கிலோ எடை இருக்கும். தேக்கு 650 கிலோவை ஒட்டி வரும். கடினத்தில் தேக்கைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். துளைகள் பெரியவை, வெறும் கண்ணுக்கே கோடு கோடாகத் தெரியும். ஆகவே மேற்பரப்பு கொஞ்சம் முரடு. ஆனால் இழைத்தால் தானாகவே ஒரு பளபளப்பு எழும். இழையோட்டம் பெரும்பாலும் நேர். சில கட்டைகளில் இழை மாறி மாறிச் சாய்ந்து பின்னியிருக்கும். அப்படிப்பட்ட பலகையை ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்தால் நாடா நாடாவாக மினுமினுக்கும், இழைப்புளி ஓட்டினால் சிராய் பெயரும். அழகும் தொல்லையும் ஒரே இடத்தில்.

டெல்லிக்கு இந்த மரம் பொருந்துவதன் முக்கியமான காரணம் அதன் அசையாமை. மே மாதப் பிற்பகல்களில் அந்த நகரத்தின் காற்றில் ஈரப்பதம் 20, 30 சதவீதம் வரை இறங்கும். ஆகஸ்டில் 80ஐத் தொடும். லூ எனப்படும் கோடை வெப்பக்காற்றில் வறண்ட மரம் மூன்றே மாதத்தில் ஊறிப் பருக்கும், பிறகு மறுபடி சுருங்கும். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும் வரை படாக் தன் அகலத்தில் ஆரவாக்கில் 3.3 சதவீதமும், வளையங்களை ஒட்டிய தொடுவாக்கில் 5.2 சதவீதமும்தான் சுருங்குகிறது. இத்தனை கனத்த மரத்துக்கு இது குறைவு. கோடைக்கும் மழைக்கும் இடையில் மரத்தினுள் இருக்கும் ஈரம் உத்தேசமாக 8 சதவீதப் புள்ளிகள் ஏறி இறங்குவதாகக் கொண்டால், தொடுவாக்கில் அறுத்த ஓர் அடி அகலப் பலகை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலும், குறுகும். ஆரவாக்கில் அறுத்தது 3 மில்லிமீட்டருக்கும் கீழே நிற்கும். மேசைத் தட்டை அடிச்சட்டத்தோடு இறுக ஒட்டிவிடாமல் அது நகர இடம் விட்டுத் திருகாணி போடும் தச்சர் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்திருக்க மாட்டார், கையில் வைத்திருப்பார். நன்கு உலர்த்தப்படாத பலகையில் எந்தக் கணக்கும் செல்லாது.

அறுக்கவும் கடையவும் ஒட்டவும் படாக் எளிதாக இணங்கும். புதிதாக அறுக்கும்போது மெல்லிய இனிய மணம் எழும். சிக்கலெல்லாம் அதன் தூளில் இருக்கிறது. செம்மஞ்சள் நிறத்தில் மாவுபோல் பறக்கும் அந்தத் தூள் சட்டையில், நகக்கண்ணில், பட்டறைச் சுவரில் எங்கும் படியும். பக்கத்தில் வெளிர்நிற மரம் இருந்தால் அதன் துளைகளுக்குள் புகுந்து அழியாத கறையாகும். மஞ்சக்கடம்புப் பலகையையும் படாக்கையும் சேர்த்துக் கட்டம் போட்டுச் சதுரங்கப் பலகை செய்பவர் இரண்டையும் ஒன்றாக உப்புத்தாள் போட்டால் மஞ்சள் கட்டங்கள் யாவும் இளஞ்சிவப்பாகிவிடும். காற்றூதித் துளைகளைச் சுத்தம் செய்வதும், தேய்ப்பதற்குப் பதில் கூர்மையான தகட்டால் சீவுவதும் பட்டறிந்தவர்களின் வழி.

பாலிஷிலும் இதே பிரச்சினை. செங்காழின் நிறத்துக்குக் காரணமான சாண்டலின் வகைச் சாயப் பொருள்கள் நீரில் எளிதில் கரையாதவை, சாராயத்தில் கரைபவை. செஞ்சந்தனத்திலும் இருப்பவை இவையே. நம் தச்சர்களுக்குப் பழக்கமான அரக்குப் பாலிஷோ ஸ்பிரிட்டில் கரைத்தது. அதைத் துணியில் தோய்த்துப் படாக்கின் மேல் இழுத்தால் துணி சிவக்கும், அடுத்த இழுப்பில் அந்தச் சிவப்பு பக்கத்து மரத்துக்குப் போகும். தனிப் படாக்கில் குற்றமில்லை. பதிப்பு வேலையில் நாள்கணக்கான உழைப்பை இது ஒரே நிமிடத்தில் கெடுத்துவிடும். நீரடிப்படையிலான பூச்சை முதலில் மெல்லியதாகத் தெளித்து மரத்தை அடைத்துவிட்டு, அதன் மேல் வேண்டியதைப் பூசுவது பாதுகாப்பு.

தூளுக்கு இன்னொரு முகமும் உண்டு. படாக்கின் தூள் பலருக்கு மூக்கையும் கண்ணையும் எரிக்கும், தோலில் தடிப்பு உண்டாக்கும், தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமையாக நிலைத்துவிடும். பொதுவாக மரத்தூளையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. குறுகிய பட்டறைகளில் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு நாளெல்லாம் தேய்ப்பவர்களுக்கு இது தெரிவிக்கப்பட வேண்டும். நல்ல முகக்கவசத்தின் செலவு ஒரு படாக் மேசையின் விலையில் தூசிக்குச் சமம்.

இனி நிறம். படாக்கின் சிவப்பைக் கருக்க வைப்பதில் முதல் பங்கு ஒளிக்கு, குறிப்பாகப் புற ஊதாக் கதிருக்கு. காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடவே வேலை செய்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ்கள் இந்த மாற்றத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. சன்னலோரத்து மேசையில் ஒரு பூச்சாடியை ஆறு மாதம் நகர்த்தாமல் வைத்தால் அதனடியில் பழைய செம்மஞ்சள் வட்டம் அப்படியே தங்கியிருக்கும். வெட்டவெளியில் வைத்த படாக், வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, சிவப்பை இழந்து சாம்பல் நிறத்துக்குப் போகும். உறுதி குறையாது என்றாலும் அதை அலங்காரத்துக்காக வாங்கியவர் ஏமாந்திருப்பார். பிர்லா மந்திரின் சிகரங்களிலும் சுவர்களிலும் ஓடும் சிவப்பு, கல்லும் பூச்சுமாக அப்படியே நிற்கிறது. மரத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் புதிதாக இழைத்த துண்டு. அதைப் பார்த்து வீட்டுத் திரைச்சீலைக்கும் சுவருக்கும் பொருத்தம் பார்ப்பது தவறான கணக்கு. ஐந்தாண்டு பழையதாகிவிட்ட துண்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதே சரி. அந்த முதிர்ந்த நிறம் எந்த வகையிலும் தாழ்ந்தது அல்ல. முதல் நாள் செம்மஞ்சளில் ஒரு கூச்சல் இருக்கிறது. முதிர்ந்த கருஞ்சிவப்பில், உள்ளிருந்து ஒளி கசிவதுபோல் ஓர் ஆழம். செயற்கைச் சாயம் ஏற்றி முதல் நாள் நிறத்தைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பவர்கள் அந்த ஆழத்தையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள்.

இந்தச் சிவப்புக்கு டெல்லியின் மேசைகளைவிட மிகப் பழைய பயன் ஒன்று உண்டு. மத்திய ஆப்பிரிக்காவில் இந்தச் செங்காழையும் இதையொத்த செம்மரங்களையும் நீர்விட்டுக் கல்லில் உரைத்துச் சாந்தெடுப்பார்கள், சந்தனக் கட்டையை உரைப்பது போலவே. உலர்த்திப் பொடித்த அந்தச் செந்தூளுக்குத் தக்குலா என்று பெயர். பனையெண்ணெயில் குழைத்து ஆட்டத்துக்கு முன் உடம்பில் பூசினார்கள். இறந்தவர் உடலிலும் பூசினார்கள். மரச் சிற்பங்களுக்குத் தடவினார்கள், நார்த் துணிக்குச் சாயமேற்றினார்கள். காங்கோவின் கூபா மக்களிடையே பெண்கள் இந்தச் சாந்தைப் பிசைந்து கட்டிகளாக்கி, மேலே சித்திரக் கோலங்கள் செதுக்கி, இறந்தவரின் நினைவாக உற்றாருக்குக் கொடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இன்றைய காபோனின் மயும்பாக் கரையிலிருந்து செம்மரம் வாங்கித் தெற்கே லுவாண்டாவுக்குக் கொண்டுபோய் விற்பது ஐரோப்பிய வணிகர்களுக்கு லாபமான தொழிலாக இருந்தது. பின்னர் ஐரோப்பியச் சாயப்பட்டறைகளுக்கும் இத்தகைய செம்மரங்கள் ஏராளமாகச் சென்றன. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் செயற்கைச் சாயங்கள் வந்த பிறகே அந்த வணிகம் ஓய்ந்தது. மேசைக்கு ஆகும் முன்பே இம்மரம் மனித உடம்புக்கும் துணிக்கும் நிறமாக இருந்திருக்கிறது. வேங்கைப் பொட்டு வைத்த நெற்றிகளுக்கு இது அந்நியமான செய்தி அல்ல.

காட்டுக்குள் ஊரிலிருந்து ஊருக்குச் சேதி அனுப்பிய பிளவு முரசுகளைக் குடையவும் இந்தக் கட்டை உகந்ததாக இருந்தது. தட்டினால் விண்ணென்று ஒலித்து நீண்டு அதிரும் கட்டை. அதே குணத்தால் இன்று மரிம்பா, சைலஃபோன் போன்ற வாத்தியங்களின் சுரப்பட்டைகள் இதில் செய்யப்படுகின்றன. தென்கிழக்கு நைஜீரியாவில் இம்மரத்தின் இளந்தளிர்களும் இதன் நெருங்கிய உறவான மற்றொரு மரத்தின் தளிர்களும் கீரையாகச் சமைக்கப்படுகின்றன.

இன்றைய பிற பயன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மெல்லியதாகச் சீவிய வினீர், மேசைத் தட்டு, கடைந்த கிண்ணம், கத்திப் பிடி, கைப்பிடிச் சட்டம், தரைப் பலகை, கிதார் உடல், பதிப்பு வேலை. தமிழ்நாட்டில் வாசல் நிலைக்கும் கதவுக்கும் படாக் வாங்குபவர்கள் உண்டு. முழு அலமாரியையும் இதில் செய்வதைவிட, வெளிர்நிற மரத்தின் நடுவே ஒரு பட்டையாகவோ விளிம்பாகவோ வைக்கும்போது இதன் சிவப்பு சரியாக அமைகிறது. மரமும் வீணாவதில்லை.

ஆப்பிரிக்கக் காட்டு மரம் டெல்லிக்கு வந்த வழி நீலகிரியிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். கூடலூர் பகுதிக் காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வேங்கையும் ஈட்டியும் வளரும் மலைச்சரிவுகள் அவை. 1996 டிசம்பர் 12 அன்று, மந்திர் மார்க்கிலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் அந்த நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை இந்தியக் காடுகள் அனைத்துக்குமாக விரிந்தது. மைய அரசு ஏற்ற செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியேறுவதைத் தடுத்தது. உள்நாட்டுப் படாக்கின் வரத்தும் அதே வழக்கில் ஒடுங்கியது. 1883இல் போர்ட் பிளேரின் சாத்தம் தீவில் தொடங்கிய அறுவை ஆலை அந்தமான் படாக்கைப் பல தலைமுறைகளாக அறுத்துத் தள்ளியது. 2002 மே மாதம் நீதிமன்றம் அத்தீவுகளில் வணிகத்துக்கான மரவெட்டைக் கடுமையாகச் சுருக்கியது. 2014 ஏப்ரலில் மியான்மர் முழுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியபோது பர்மாப் படாக்கின் வழியும் அடைபட்டது.

உள்ளே கதவுகள் மூடியபோது மரத்தின் தேவை மூடவில்லை. கண்ட்லா துறைமுகத்தில் இறங்கிய கட்டைகள் காந்திதாமில் அறுபட்டு வடக்கே போயின. தெற்கே தூத்துக்குடி வழியாக வந்தன. நம் காடுகள் பிழைத்தன என்று மகிழ்வதில் நியாயம் உண்டு. நம் வாசற்கதவுக்காக வேறொருவர் காடு வெட்டப்படுவதை அந்த மகிழ்ச்சியோடு சேர்த்தே எண்ண வேண்டும். காபோன் 2010இல் முழுக்கட்டை ஏற்றுமதிக்குத் தடை விதித்து, தன் மரத்தைத் தன் மண்ணிலேயே அறுத்து வினீராகவும் பலகையாகவும் விற்பதென்று முடிவெடுத்தது. தலைநகர் லிப்ரவில் அருகே என்கோக் என்ற இடத்தில் அமைந்த பொருளாதார மண்டலத்தில் இந்தியர்கள் நடத்தும் மர ஆலைகளும் இடம்பெற்றன.

செந்நிறக் காழுக்கு மனிதர் கொடுக்கும் விலையை இந்தியாவில் வேறெந்த மரத்தையும்விட அறிந்தது செஞ்சந்தனம். ஆந்திரத்தின் சேஷாசல மலைகளையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் விட்டு அது அதிகம் வளராது. மணமில்லாத அந்த மரத்தின் நிறத்துக்காகவும் கனத்துக்காகவும் கடல்கடந்த சந்தை காத்திருந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள், கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள் என்றது காவல்துறை. அந்தக் கட்டைகளை வாங்கவிருந்தவர்கள் அந்தக் காட்டில் இல்லை.

ஆப்பிரிக்க உறவுகளும் அதே பாதையில்தான் சென்றன. மேற்கு ஆப்பிரிக்கச் சவானாவின் கோசோ மரம் சீனத்துச் சிவப்பு மரச்சாமான் சந்தைக்காக ஊர் ஊராகத் துடைக்கப்பட்டது. அது 2017இல் சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஏறியது. உடனே வெட்டு அடுத்த உறவு மரங்களுக்கு நகர்ந்தது. சாம்பியாவிலும் காங்கோவிலும் முக்குலா என்று அழைக்கப்படும் மரம் 2019இல் பட்டியலில் சேர்ந்தது. கடைசியில் 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய மாநாடு, ஆப்பிரிக்காவில் வளரும் டெரோகார்ப்பஸ் மரங்கள் எல்லாவற்றையும் ஒருசேர அந்தப் பட்டியலில் வைத்தது. படாக்கும் அதில் அடங்கும். 2023 பிப்ரவரி 23 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பட்டியல் விற்பனையைத் தடுப்பதில்லை. வெட்டியது சட்டப்படிதான் என்றும், அதனால் இனம் அழியாது என்றும் ஏற்றுமதி செய்யும் நாடு சான்று தர வேண்டும் என்கிறது. டெரோகார்ப்பஸ் மரங்களை அறுத்த பிறகு காழின் நிறத்தையும் துளையையும் பார்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சுங்கச் சாவடியில் பிரித்தறிவது ஏறக்குறைய முடியாத காரியம். பேரினத்தின் ஆப்பிரிக்க மரங்களை முழுதாகச் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் படாக் கட்டையாகவோ பலகையாகவோ வினீராகவோ கப்பலேறினால், அந்தச் சான்றைக் காட்டும் அனுமதிச் சீட்டு கூடவே வர வேண்டும்.